தூக்கி எறியச் சொன்ன தட்டுகள்: பழைய அமெரிக்க வானொலி இசை நிகழ்ச்சிகளைச் சேகரிப்பது பற்றிக் கேள்வி பதில்

பழைய அமெரிக்க வானொலி இசை நிகழ்ச்சிகளின் தட்டுகளையும் ரீல்களையும் சேர்ப்பது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். வந்த கேள்விகளுக்கு இங்கே ஒன்றாகப் பதில் சொல்கிறேன்.

சார், நான் இந்த விஷயத்துக்குப் புதிது. சிண்டிகேட்டட் நிகழ்ச்சி என்றால் என்ன? அது எப்படித் தட்டாக வந்தது? (சேலம்)

ஒரு நிறுவனம் நிகழ்ச்சியை முழுதாகத் தயாரித்து, அதை நாடெங்கும் உள்ள பல நிலையங்களுக்குக் கொடுக்கும். நிலையங்கள் தங்களுக்குத் தோதான நேரத்தில் ஒலிபரப்பிக்கொள்ளும். சில நிகழ்ச்சிகளுக்கு நிலையம் பணம் கட்டும். சிலவற்றை இலவசமாகவே கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக நிறுவனத்தின் விளம்பரங்களை உள்ளே வைத்துவிடுவார்கள். செயற்கைக்கோள் வழி வருவதற்கு முன்பு ஒரு வாரத்து நிகழ்ச்சியை நூற்றுக்கணக்கான ஊர்களுக்கு அனுப்ப மலிவான வழி, அதை எல்பி தட்டாக அச்சடித்துத் தபாலில் போடுவதுதான். தட்டில் "ஒலிபரப்புக்கு மட்டும், விற்பனைக்கு அல்ல" என்ற பொருளில் அச்சிட்டிருக்கும். ஒலிபரப்பு முடிந்ததும் திருப்பி அனுப்ப வேண்டும், இல்லையென்றால் அழித்துவிட வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. அதையும் மீறி, அறிவிப்பாளர் வீட்டுக்கு எடுத்துப் போனதும், நிலையத்தின் பின் அறையில் மறந்து கிடந்ததும்தான் இன்று நம் கைக்கு வருகின்றன.

எதிலிருந்து தொடங்கலாம் அண்ணா? பட்ஜெட் கொஞ்சம்தான். (கோயம்புத்தூர்)

அமெரிக்கன் டாப் 40. வேறு யோசனையே வேண்டாம்.

1970 ஜூலை 4 வார இறுதியில் ஏழே நிலையங்களில் தொடங்கியது. கேஸி கேஸம் அறிவிப்பாளர். அவரோடு டான் பஸ்டனி, டாம் ரவுண்ட்ஸ், ரான் ஜேக்கப்ஸ் ஆகியோர் சேர்ந்து உருவாக்கினார்கள். தயாரித்தது வாட்டர்மார்க் என்ற நிறுவனம். பில்போர்டு இதழின் ஹாட் 100 பட்டியலில் முதல் 40 பாட்டுகளை 40-இலிருந்து 1 வரை எண்ணி இறங்குவதுதான் மொத்த நிகழ்ச்சியும். ஆனால் கேஸம் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஒரு சின்னக் கதை சொல்வார்: இந்தப் பாடகர் யார், பட்டியலில் இதற்கு முன் இப்படி நடந்திருக்கிறதா என்று. கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு விளம்பரத்துக்குப் போவார், நாம் ரேடியோவை அணைக்க முடியாது. அந்த உத்தியை இன்றுவரை அவரளவுக்குச் செய்தவர் இல்லை என்பது என் கருத்து.

முதலில் மூன்று மணி நேரம், அதாவது மூன்று எல்பி தட்டுகள். 1978 அக்டோபரில் நான்கு மணி நேரமாக நீண்டபோது நான்கு தட்டுகள் ஆயின. ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய அரை மணி. 1988 ஆகஸ்டில் கேஸம் விலகி ஷேடோ ஸ்டீவன்ஸ் வந்தார். வாரம் தவறாமல் அச்சான நிகழ்ச்சி என்பதால் சந்தையில் நிறையக் கிடைக்கிறது, அதனால் விலையும் கட்டுக்குள் இருக்கும். எழுபதுகளின் தொடக்க வாரங்கள் மட்டும் அரிது. அப்போது வாங்கிய நிலையங்களே குறைவு.

தட்டின் லேபிளில் தேதி இல்லை, 783-5 என்பது போல ஒரு எண் மட்டும் இருக்கிறது. எந்த வாரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (பெங்களூரு)

அந்த எண்ணிலேயே தேதி இருக்கிறது. 78 என்பது ஆண்டு. 3 என்பது மூன்றாம் காலாண்டு, அதாவது ஜூலை முதல் செப்டம்பர் வரை. கோட்டுக்கு அடுத்த 5, அந்தக் காலாண்டில் ஐந்தாவது வாரம். எனவே இது 1978 ஜூலைக் கடைசி, ஆகஸ்ட் தொடக்கம் என்று நெருங்கிவிடலாம். பிறகு கடைசித் தட்டில் முதல் மூன்று இடங்களைக் கேட்டு, பில்போர்டின் அந்த மாதப் பட்டியல்களோடு ஒப்பிடுங்கள். முதலிடம் பல வாரம் மாறாமல் இருக்கும், அதை மட்டும் நம்பினால் தவறான வாரத்தில் போய் நிற்போம். 35-க்கும் 40-க்கும் இடையில் புதிதாக நுழைந்த பாட்டுகளைப் பாருங்கள், அவைதான் வாரத்தைச் சரியாகக் காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று, விற்பவர்கள் வேறு வேறு வாரத்துத் தட்டுகளைக் கலந்து ஒரு செட்டாக வைத்துவிடுவது உண்டு. வேண்டுமென்று செய்வதில்லை, நிலையத்திலேயே கலந்திருக்கும். எல்லாத் தட்டிலும் அதே எண் இருக்கிறதா என்று படம் வாங்கிப் பார்த்த பிறகு பணம் அனுப்புங்கள்.

க்யூ ஷீட் இல்லாத செட்டை வாங்கலாமா? (ஈரோடு)

வாங்கலாம், ஆனால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். க்யூ ஷீட் என்பது தட்டோடு வந்த தாள். எந்த வார்த்தையில் ஒரு பகுதி தொடங்குகிறது, எந்த வார்த்தையில் முடிகிறது, எத்தனை நிமிடம் எத்தனை விநாடி, உள்ளூர் விளம்பரத்துக்கு எங்கே இடைவெளி என்றெல்லாம் அதில் இருக்கும். நிலையத்தில் இருப்பவர் அதைப் பார்த்துத்தான் தட்டை நிறுத்தி, ஓட்டுவார். சில தாள்களில் அவர்கள் பேனாவால் குறித்த நேரம்கூட அப்படியே இருக்கிறது. எனக்கு அந்தக் கையெழுத்து உள்ள தாள்கள்தான் ரொம்பப் பிடிக்கும்.

கிங் பிஸ்கட் ஃப்ளவர் அவர் நிகழ்ச்சியின் தட்டு என்று ஒன்று விலைக்கு வருகிறது. அசலா, திருட்டு அச்சா என்று எப்படித் தெரியும்? அந்த நிகழ்ச்சிக்கு ஏன் இவ்வளவு மவுசு? (டொராண்டோ)

மவுசுக்குக் காரணம், அது மேடைக் கச்சேரிகளின் நிகழ்ச்சி. கடையில் விற்ற ஆல்பத்தில் இல்லாத வாசிப்பு அதில் கிடைக்கும். டி.ஐ.ஆர். நிறுவனத்தின் தயாரிப்பு. ஆர்கன்சாவில் 1941-இல் தொடங்கிய கிங் பிஸ்கட் டைம் என்ற ப்ளூஸ் நிகழ்ச்சியின் பெயரை ஒட்டி வைத்த பெயர். 1973 பிப்ரவரி 18 அன்று முதல் ஒலிபரப்பு. அதிலேயே ப்ளட் ஸ்வெட் அண்ட் டியர்ஸ், மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா, அப்புறம் அப்போதுதான் முதல் ஆல்பம் வெளியிட்டிருந்த ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். மகாவிஷ்ணுவின் ஜான் மெக்லாஃப்லின்தான் பின்னாளில் நம் விக்கு விநாயக்ராமோடு சக்தி குழுவில் வாசித்தவர். அந்த இசையைத் தேடிப் போகிறவர்களுக்கு அந்த முதல் ஒலிபரப்பு ஒரு நல்ல வாசல்.

இந்த நிகழ்ச்சி முதலில் ரீல் நாடாவாகவும், பிறகு எல்பியாகவும், அதன்பின் சிடியாகவும் அனுப்பப்பட்டது. 1982-இல் நடந்த தீ விபத்தில் மூல ஒலிப்பதிவுகளில் ஒரு பகுதி அழிந்தது. மிஞ்சிய தொகுப்பை 2006-இல் வுல்ஃப்காங்ஸ் வால்ட் நிறுவனம் வாங்கியது. எனவே நிலையங்களுக்குப் போன சில பிரதிகளே இன்று மூலம் போல ஆகிவிட்டன.

அசல் என்று நம்ப: தட்டில் அறிவிப்பாளர் குரலும் அந்தக் கால விளம்பரங்களும் இருக்க வேண்டும். பாட்டு மட்டும் தொடர்ச்சியாக ஓடினால், வண்ணப் படத்தோடு அழகான அட்டை இருந்தால், பெரும்பாலும் திருட்டு அச்சு. நிலையத்துக்குப் போனது சாதா உறையில் போனது. லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் கீறிய எண்ணையும் லேபிள் எண்ணையும் ஒப்பிடுங்கள்.

பிபிசி தட்டுகளும் இந்த வகைதானா? (லண்டன்)

ஆம். பிபிசியின் ட்ரான்ஸ்கிரிப்ஷன் சர்வீஸ் வெளிநாட்டு நிலையங்களுக்கென்று தட்டு அச்சடித்தது. பிரையன் மேத்யூ தொகுத்த டாப் ஆஃப் தி பாப்ஸ் தட்டுகள் அறுபதுகளிலிருந்து வந்தவை, அதே பெயரிலான தொலைக்காட்சி நிகழ்ச்சி வேறு. பிபிசி தன் நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்திய காலம் அது. அதனால் சில இசைக்குழுக்களின் வானொலிப் பதிவுகள் இந்தத் தட்டுகளில் மட்டுமே தப்பியிருக்கின்றன. கிடைத்தால் விடாதீர்கள்.

16 அங்குலத் தட்டு ஒரு கட்டு கிடைத்தது. மேலே வெள்ளையாகப் பொடி படிந்திருக்கிறது. பூஞ்சையா? (நியூ ஜெர்சி)

பூஞ்சையாக இருக்க வாய்ப்பு குறைவு. 16 அங்குலம் என்றால் முப்பது, நாற்பதுகளின் ட்ரான்ஸ்கிரிப்ஷன் வகை, ஒரு பக்கம் சுமார் 15 நிமிடம். அதில் இரண்டு சாதி உண்டு. வினைலில் அச்சானவை, 1942-இல் தொடங்கிய படைவீரர் வானொலிச் சேவையின் தட்டுகள் போன்றவை, உறுதியானவை. மற்றது லாக்கர்: அலுமினியத் தகட்டின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. பூச்சு இளகியிருக்கச் சேர்த்த ஆமணக்கு எண்ணெய் காலப்போக்கில் சிதைந்து கொழுப்பு அமிலமாக வெளியே கசியும். நீங்கள் பார்க்கும் வெள்ளைப் பொடி அநேகமாக அதுதான். பூச்சு சுருங்கி வெடிக்கத் தொடங்கப்போகிறது என்பதற்கு அது எச்சரிக்கை. போரின்போது அலுமினியத் தட்டுப்பாட்டால் கண்ணாடித் தகட்டிலும் செய்தார்கள், அதைக் கீழே வைக்கும்போதுகூடக் கவனம் வேண்டும்.

லாக்கர் மேல் ஸ்பிரிட் படவே கூடாது, பூச்சையே கரைத்துவிடும். வீட்டு டர்ன்டேபிளில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படாதீர்கள். சாதாரண எல்பி ஊசி இந்த அகலமான பள்ளத்துக்குப் பொருந்தாது, அடியில் போய் உரசும். சிலவற்றில் பள்ளம் பக்கவாட்டில் இல்லாமல் மேலும் கீழுமாக வெட்டியிருக்கும், சில தட்டுகள் உள்ளிருந்து வெளியே ஓடும். ஆவணக் காப்பகத்துக்கு வேலை செய்யும் ஒலிப் பொறியாளரிடம் கொடுங்கள். உங்கள் கட்டில் லாக்கர் எது என்று பிரித்து, அதை முதலில் அனுப்புங்கள்.

ரீல் நாடா ஓட்டும்போது கிறீச்சிட்டு நின்றுபோகிறது. (சிங்கப்பூர்)

உடனே நிறுத்துங்கள். எழுபதுகளின் நடுவிலிருந்து வந்த சில நாடாக்களில், ஆம்பெக்ஸ் 456 அதில் பெயர்பெற்றது, காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். மேலும் ஓட்டினால் ஒலி இருக்கும் துகளே ஹெட்டில் உரிந்து ஒட்டிக்கொள்ளும். சுமார் 54 டிகிரி செல்சியஸ் சீரான சூட்டில் பல மணி நேரம் வைத்து உலர்த்தினால் சில வாரங்களுக்கு ஓடும், அதற்குள் நகல் எடுத்துவிட வேண்டும். சமையல் அவனில் வைக்காதீர்கள், அதன் சூடு ஏறி இறங்கும். பழைய அசிடேட் நாடாவைச் சுடவே கூடாது. வெளிச்சத்தில் ரீலைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், ஒளி ஊடுருவினால் அசிடேட்.

கணினியில் ஏற்றும்போது விளம்பரத்தை வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் வைத்துக்கொள்ளலாமா? இடம் மிச்சமாகுமே. (மதுரை)

தயவுசெய்து வேண்டாம் தம்பி. பாட்டு எங்கேயும் கிடைக்கும். 1976-இல் ஒரு முகப்பரு மருந்தை எந்தக் குரலில், எந்த வேகத்தில், எந்தப் பாட்டுக்கு அடுத்து விற்றார்கள் என்பது இந்தத் தட்டில்தான் இருக்கிறது. இன்று மறுஒலிபரப்பாகும் அமெரிக்கன் டாப் 40 பழைய நிகழ்ச்சிகளில் அந்த விளம்பரங்களை நீக்கிவிட்டார்கள். படைவீரர் வானொலிக்குப் போன பிரதிகளிலும் வணிக விளம்பரம் கிடையாது. ஆக, நிலையத்துக்கு வந்த தட்டை வைத்திருப்பவர் வெட்டிவிட்டால் அது எங்குமே இருக்காது. கேட்பதற்கு வசதியாக வெட்டிய பிரதி ஒன்று வேண்டுமானால் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மூலக் கோப்பு ஊசி விழும் சத்தம் முதல் கடைசிச் சுற்று வரை அப்படியே, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக இருக்கட்டும். கரகரப்பு நீக்கும் மென்பொருளை மூலக் கோப்பில் பயன்படுத்தாதீர்கள். லேபிள், உறை, க்யூ ஷீட் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அதே ஃபோல்டரில் போடுங்கள்.

இணையத்தில் ஏற்றலாமா? (திருநெல்வேலி)

தட்டு உங்களுடையது, உள்ளே இருக்கும் இசையும் நிகழ்ச்சியும் உங்களுடையதல்ல. "பழசுதானே" என்ற வாதமும் நிற்காது. 1972 பிப்ரவரி 15-க்கு முந்தைய ஒலிப்பதிவுகளுக்கும் 2018 சட்டத்தின் மூலம் அமெரிக்காவில் கூட்டாட்சி அளவில் பாதுகாப்பு வந்துவிட்டது.

நம் பக்கம் இப்படித் தட்டு ஏதும் உண்டா ஐயா? (யாழ்ப்பாணம்)

நெருங்கிய உதாரணம் ரேடியோ சிலோனின் பினாகா கீத்மாலா. அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கிய 1952-இல் தொடங்கிய இந்தி நிகழ்ச்சி, அறிவிப்பாளர் அமீன் சயானி. பம்பாயில் பதிவு செய்து கொழும்புக்கு விமானத்தில் நாடா அனுப்புவார்கள். ஆனால் அது ஒரே நிலையத்துக்குப் போன நாடா. நூறு பிரதி அச்சாகி நூறு ஊருக்குப் போகவில்லை, அதனால் பின் அறையில் மறந்து கிடக்கவும் வழியில்லை. அந்த வகையில் நம் பக்கத்து வீடுகளில் கேசட்டில் பிடித்து வைத்த ஒலிபரப்புகள் பெரிய சொத்து. இலங்கை வானொலித் தமிழ்ச் சேவையைப் பதிவு செய்த கேசட் உங்கள் வீட்டில் இருந்தால், அமெரிக்கத் தட்டு தேடுவதற்கு முன் அதை நகலெடுங்கள்.

சென்னை ஈரத்தில் எப்படிப் பாதுகாப்பது? வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது என்ன சொல்ல வேண்டும்? (சென்னை)

அனுப்புகிறவரிடம், தட்டை அட்டை உறையிலிருந்து வெளியே எடுத்து, உள்ளுறையோடு அட்டைக்குப் பின்னால் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். உள்ளேயே வைத்தால் பயணத்தில் தட்டின் விளிம்பு உறையைக் கிழித்துவிடும். க்யூ ஷீட்டைத் தனி உறையில் கேளுங்கள். வந்ததும் நிறுத்தி அடுக்குங்கள், படுக்க வைக்க வேண்டாம். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி கூடாது, மழைக் காலத்தில் ஈரம் ஏறும். பிவிசி உறையைத் தவிர்த்துப் பாலித்தீன் உள்ளுறை போடுங்கள். சிலிக்கா ஜெல் பைகளை மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதி நிகழ்ச்சிகளை நிலையத்தில் பதிந்த சிடி-ஆரில் வாங்கியிருந்தால், வினைலுக்கு முன்பே அதை நகலெடுத்துவிடுங்கள். அதன் சாயம் நம் வெயிலுக்குத் தாங்காது.

ஏசி அறை இல்லையென்றாலும் கவலைப்பட வேண்டாம். வீட்டில் வெயில் படாத உள்ளறை எது என்று பாருங்கள், அது போதும்.