கோட்டையா, பெரியார் மண்ணா? கொங்கு ஓட்டுக் கணக்கைப் படிக்கும் வழி

கேள்வி: நான் காங்கேயம் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. ஆண்டு விழாப் பட்டிமன்றத்துக்கு என்னை நடுவராகப் போட்டிருக்கிறார்கள். ‘கொங்கு மண் பெரியார் மண்ணே’ என்று ஓர் அணி, ‘கொங்கு என்றைக்கும் அதிமுக கோட்டையே’ என்று இன்னோர் அணி. இரண்டு பக்கமும் வாட்ஸ்அப்பில் வந்ததை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். தேர்தல் முடிவை வைத்து இதற்குத் தீர்ப்பு சொல்ல முடியுங்களா? எண்களை எங்கே எடுப்பது, எப்படிப் படிப்பது?

பதில்: பாதிக்குச் சொல்ல முடியுங்க டீச்சர். மீதிப் பாதிக்கு ஓட்டு எண்ணிக்கை உதவாது. அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

பெரியார் ஈரோட்டுக்காரர், அந்த ஊர் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். ஆனால் அவர் தொடங்கிய திராவிடர் கழகம் தேர்தலில் நிற்பதே இல்லை. அந்தப் பெயருக்கு நேராக எந்தத் தேர்தலிலும் ஓட்டு விழுந்ததில்லை என்றால், எதை எண்ணுவது? 1971 ஜனவரியில் சேலத்தில் திராவிடர் கழகத்தின் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடந்து பெரிய சர்ச்சையானது. எதிரணி அதையே தேர்தல் பிரச்சாரத்தில் பேசியது. மார்ச்சில் முடிவு வந்தபோது திமுக 184 இடங்களில் ஜெயித்திருந்தது. ‘பார்த்தீர்களா, ஜனங்கள் பெரியார் பக்கம்’ என்று உங்கள் முதல் அணி இதைக் கொண்டுவரும். அந்தத் தேர்தலில் இந்திரா காந்தியின் காங்கிரசும் திமுகவோடுதான் இருந்தது. அப்போது விழுந்த ஒரு ஓட்டு மாநாட்டுக்கா, இந்திராவுக்கா, கருணாநிதிக்கா என்று பெட்டியைத் திறந்து கேட்க முடியாது. அதனால் முதல் அணியிடம் கல்வி, கோயில் நுழைவு, சுயமரியாதைத் திருமணம் என்று வேறு சான்று கேளுங்கள். ஓட்டைக் காட்டினால் மணி அடித்துவிடுங்கள்.

கோட்டைக் கதை அப்படியில்லை, அதை எண்ணிப் பார்க்கலாம். 2024 மக்களவைத் தேர்தல் வரைக்குமான கணக்கை வைத்துச் சொல்கிறேன்.

2021 சட்டமன்றத் தேர்தலில் அதிமுக கூட்டணி மாநிலம் முழுக்க ஜெயித்தது 75 இடம். கோவை மாவட்டத்தில் பத்துக்குப் பத்து, சேலத்தில் பதினொன்றுக்குப் பத்து, திருப்பூரிலும் ஈரோட்டிலும் எட்டுக்கு ஐந்து ஐந்து, நாமக்கல்லில் ஆறுக்கு இரண்டு, கரூரில் நாலுக்கு ஒன்றுமில்லை. ஆக 47 தொகுதியில் 32. மாநிலத் தொகுதிகளில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும் இந்த ஆறு மாவட்டங்களிலிருந்துதான் அந்தக் கூட்டணியின் வெற்றியில் நாலு பங்குக்கு ஒன்றரைப் பங்குக்கும் மேல் வந்திருக்கிறது. இரண்டாவது அணி இத்தோடு நிறுத்திக்கொண்டால் ஜெயித்துவிடும். (சேலம் கொங்கில் சேருமா என்று ஒரு பையன் கண்டிப்பாக எழுந்து கேட்பான். அது தனிப் பட்டிமன்றம்.)

ஆனால் அவர்கள் ‘என்றைக்கும்’ என்று சேர்த்திருக்கிறார்களே, அங்கேதான் வம்பு.

கோவை மக்களவைத் தொகுதியை மட்டும் எடுத்து ஒரு தாளில் வரிசையாக எழுதச் சொல்லுங்கள். 1957இல் கம்யூனிஸ்ட் கட்சியின் பார்வதி கிருஷ்ணன். 1967இல் மார்க்சிஸ்ட் கே. ரமணி. 1971இல் இந்திய கம்யூனிஸ்ட் பாலதண்டாயுதம். அவர் விமான விபத்தில் இறந்த பிறகு நடந்த இடைத்தேர்தலில் மறுபடி பார்வதி கிருஷ்ணன், 1977இலும் அவரே. அப்புறம் ஒரு முறை திமுக, மூன்று முறை காங்கிரஸ், மறுபடி திமுக. 1998இலும் 1999இலும் பாஜகவின் சி.பி. ராதாகிருஷ்ணன். 2004இல் இந்திய கம்யூனிஸ்ட் சுப்பராயன். 2009இல் மார்க்சிஸ்ட் பி.ஆர். நடராஜன். 2014இல் அதிமுகவின் நாகராஜன். 2019இல் மறுபடி நடராஜன். 2024இல் திமுகவின் கணபதி ராஜ்குமார்.

எண்ணிப் பாருங்கள். ‘அதிமுக கோட்டை’யின் தலைநகரில் அதிமுக தன் சின்னத்தில் ஜெயித்து டெல்லிக்கு ஆள் அனுப்பியது ஒரே ஒரு முறை. இடதுசாரிகள் இடைத்தேர்தலையும் சேர்த்து எட்டு முறை. மில்லும் சங்கமுமாக இருந்த ஊர் இது. சின்னியம்பாளையம் தொழிலாளர் நாலு பேர் 1946இல் கோவைச் சிறையில் தூக்கில் போடப்பட்டதை இன்றும் ஜனவரியில் நினைவுகூர்கிறார்கள். அப்படியானால் இது ‘செங்கோட்டை’யா? அவசரப்படாதீர்கள், அந்தத் தாளிலேயே பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு, யார் யாரோடு கூட்டணி என்று எழுதச் சொல்லுங்கள்.

1977இல் பார்வதி கிருஷ்ணன் நின்றது அதிமுக கூட்டணியில். 1984 முதல் ஜெயித்த காங்கிரசும் அதிமுக கூட்டணிதான். ராதாகிருஷ்ணன் 1998இல் ஜெயித்தது அதிமுகவோடு சேர்ந்து, அடுத்த வருடமே மறுபடி ஜெயித்தது திமுகவோடு சேர்ந்து! நடராஜன் 2009இல் அதிமுக கூட்டணி, 2019இல் திமுக கூட்டணி. அதே ஆள், அதே அரிவாள் சுத்தியல், பக்கத்தில் பறந்த கொடி மட்டும் வேறு. என் கணக்கில், கொங்கு ஓட்டைப் பற்றி யார் என்ன சொன்னாலும் இந்த இரண்டாவது பத்தியைக் காட்டாதவரை நம்ப வேண்டியதில்லை.

தேர்தலுக்குத் தேர்தல் இன்னொரு வித்தியாசமும் உண்டு. 2021 மே மாதம் கோவை மாவட்டத்தில் திமுக கூட்டணிக்கு ஒரு தொகுதிகூடக் கிடைக்கவில்லை. ஒன்பது மாதம் கழித்து மாநகராட்சித் தேர்தல் வந்தபோது நூறு வார்டில் 96 அவர்களுக்கு. ஊரே மனம் மாறிவிட்டது என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. வார்டுக்குத் தண்ணீரும் சாக்கடையும் வேண்டுமென்றால் ஆளும் கட்சிக்குப் போடுவது நம் ஊர்ப் பழக்கம்.

மக்களவைக்கு வந்தால், 2019இல் கோவையில் நடராஜன் வாங்கியது 5,71,150. 2024இல் கணபதி ராஜ்குமார் வாங்கியது 5,68,200. ஐந்து வருடத்தில் அந்தக் கூட்டணி ஒரே இடத்தில் நிற்கிறது. மாறியது எதிர்ப்பக்கம். 2019இல் அதிமுக ஆதரவோடு நின்ற ராதாகிருஷ்ணனுக்கு 3,92,007. 2024இல் தனித்தனியாக நின்று அண்ணாமலை 4,50,132, அதிமுக 2,36,490. கூட்டினால் 6,86,622, ஜெயித்தவரைவிட ஒரு லட்சத்துக்கும் மேல் அதிகம். ‘சேர்ந்திருந்தால் ஜெயித்திருப்பார்கள்’ என்று இரண்டாவது அணி சொல்லும். சேர்ந்து நின்ற 2019இல் வந்தது 3.92 லட்சம்தானே என்று முதல் அணி திருப்பிக் கேட்கலாம். அந்த வருடம் கமல் கட்சி தனியாக ஒன்றரை லட்சத்தை ஒட்டி வாங்கியதையும் மறக்கக்கூடாது. எந்த ஓட்டு எங்கே போகும் என்பது கூட்டல் கணக்கில் வராது.

‘இது பெரியார் மண், இங்கே பாஜகவுக்கு இடமில்லை’ என்ற வசனமும் வரும். 2021இல் பாஜக ஜெயித்த நாலு இடத்தில் இரண்டு கொங்கில்தான், அதில் ஒன்று ஈரோட்டை ஒட்டிய மொடக்குறிச்சி. ஆனால் வித்தியாசம் எவ்வளவு? 281 ஓட்டு. ஒரு கல்யாண மண்டபத்துப் பந்தியில் உட்காருகிற கூட்டம்! கோவை தெற்கில் 1,728, அதுவும் மும்முனைப் போட்டியில் மூன்றில் ஒரு பங்கு ஓட்டை ஒட்டி வாங்கி. இதை வைத்து ‘மண் மாறிவிட்டது’ என்று சொல்வதும் தப்பு, ‘இடமே இல்லை’ என்பதும் தப்பு. அந்த 281இல் தோற்ற திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன்தான் 1996இல் அதே மொடக்குறிச்சியில் ஜெயித்தவர். அன்றைக்குப் போட்டியிட்டவர்கள் 1,033 பேர். விவசாயிகள் எதிர்ப்பைக் காட்ட மனு மேல் மனுவாகப் போட்டு, வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியதானது. சட்டமன்றத் தேர்தல் டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய்க்கு ஏறியதும் அந்த ஆண்டில்தான். பிள்ளைகளுக்கு இந்தக் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள், தூங்குகிறவனும் எழுந்துவிடுவான்.

சரி, எண்கள் எங்கே? இந்தியத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு தேர்தலுக்கும் புள்ளிவிவர அறிக்கை இருக்கிறது. தொகுதிவாரியாக ஒவ்வொரு வேட்பாளரும் வாங்கிய ஓட்டு அதில் கிடைக்கும். அதைவிட ருசியானது படிவம் 20. தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் வாக்குச்சாவடிவாரியாக யாருக்கு எத்தனை என்று போட்டிருப்பார்கள். மக்களவைத் தேர்தலுக்கும் சட்டமன்றத் தொகுதி பிரித்துத் தனித்தனியாக உண்டு. உங்கள் காங்கேயம் ஈரோடு மக்களவைத் தொகுதிக்குள் வருவதால் அங்கே தேடுங்கள்.

படிக்கும்போது இடறுகிற இடங்கள் சில. உங்கள் காங்கேயத்தில் 2016இல் ஜெயித்த தனியரசு, கொங்கு இளைஞர் பேரவையின் தலைவர். இரட்டை இலையில் நின்றதால் அட்டவணையில் அதிமுக என்றே இருக்கும். 2021இல் திருச்செங்கோட்டில் ஜெயித்த ஈஸ்வரன் கொங்குநாடு மக்கள் தேசிய கட்சிக்காரர். உதயசூரியனில் நின்றதால் அவர் திமுக கணக்கில். கொங்குக் கட்சிகளே இரண்டு சின்னத்துக்குள்ளும் ஒளிந்திருக்கின்றன.

2008 தொகுதி மறுவரையறையைத் தாண்டி ஒப்பிடாதீர்கள். கோபி, திருச்செங்கோடு மக்களவைத் தொகுதிகள் போய் ஈரோடு, நாமக்கல், திருப்பூர் வந்தன. கோவை கிழக்கு, மேற்கு, பேரூர் எல்லாம் காணாமல் போயின. நான் பட்டுத்தான் சொல்கிறேன். 2011 முடிவு வந்த வாரம் காந்திபுரத்தில் ஒரு பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் வைத்துக்கொண்டு, பழைய கோவை கிழக்கு எண்ணையும் புதிய கோவை தெற்கு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ‘பத்தாயிரம் ஓட்டு சரிந்துவிட்டது’ என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் இருந்த ரிட்டயர்டு மில் தொழிலாளி ஒருத்தர், “ஏனுங் தம்பி, எங்க வார்டே இப்ப வேற தொகுதிங்களே, அப்பறம் எப்படி சரியும்?” என்றார். அந்தத் தாளை அங்கேயே மடித்துப் பையில் வைத்தேன்.

இடைத்தேர்தலையும் ஒதுக்கிவிடுங்கள். ஈரோடு கிழக்கில் 2025இல் திமுக 91,558 வித்தியாசத்தில் ஜெயித்தது, ஆனால் அதிமுகவும் பாஜகவும் போட்டியிடவே இல்லை.

கடைசியாக ஒன்று. உங்கள் பள்ளிக்கூடமே வாக்குச்சாவடியாக இருந்திருக்கும், பெரும்பாலும் இரண்டு மூன்று பூத். 2021 படிவம் 20இல் காங்கேயத்தைத் திறந்து அந்த பூத் எண்களுக்கு நேரான வரியைக் கண்டுபிடியுங்கள். அப்புறம் 2024க்கும் அதே மாதிரி. பூத் எண் சில சமயம் மாறும், வாக்காளர் பட்டியலின் முதல் பக்கத்தில் இடத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம். அந்த இரண்டு வரியையும் பெரிதாக நகலெடுத்து, பேச்சு தொடங்குவதற்கு முன் ஆளுக்கு ஒன்று கொடுங்கள். அவர்கள் உட்கார்ந்திருக்கிற வகுப்பறையில் விழுந்த ஓட்டு அது.