நட்ட மரம் காய்கிறதா? இலையை விடுங்கள், வேரைப் பாருங்கள்

பைன் நட்டு இரண்டு மாதம் பச்சையாக இருந்தது. ஒரே வாரத்தில் முழுக்கப் பழுப்பாகிவிட்டது. என்ன நோய்?

பெரும்பாலும் நோயே இல்லை, ஒரே வாரத்தில் நடந்ததும் இல்லை. ஊசியிலை மரங்கள் வேர் செத்துப் பல வாரம் ஆனாலும் பச்சையாகவே நிற்கும். நிலத்திலிருந்து தோண்டி எடுத்த மரமென்றால், தன் வேரில் பெரும்பகுதியைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கும். சிறுகிளையின் பட்டையை நகத்தால் சுரண்டுங்கள். ஈரப்பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. நுனியிலிருந்து தண்டுவரை எங்கே சுரண்டினாலும் காய்ந்த பழுப்புதான் என்றால் கதை முடிந்தது.

தினமும் தண்ணீர் ஊற்றியும் காய்கிறதே?

தண்ணீர் அதிகமானாலும் குறைந்தாலும் இலை ஒரே மாதிரிதான் காயும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. தண்டுக்குப் பக்கத்தில், தாய்மண்ணிலேயே (கன்றோடு வேரைச் சுற்றி ஒட்டி வந்த மண்) 15 செ.மீ. தோண்டிப் பாருங்கள். சுற்றியுள்ள மண் சொதசொதவென்று இருக்க, தாய்மண் மட்டும் பொடியாக உதிர்வதுண்டு. அப்படியானால் தண்டையொட்டி மெதுவாக நீர் விடுங்கள். வேர் கறுத்து, இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வந்து, புளித்த வாடை அடித்தால் அழுகல். களிமண்ணில் வெட்டிய குழி தொட்டி மாதிரி நீரைத் தேக்கிவிடும். உடனே தண்ணீரை நிறுத்துங்கள்.

தெம்புக்கு உரம் போடலாமா?

வேண்டாம். அடிபட்ட வேரை உரத்தின் உப்பு இன்னும் கருக்கும்.

சாயாமல் இருக்கட்டுமென்று தண்டில் ஒரு சாண் மண் ஏற்றியிருக்கிறேன். தவறா?

தவறுதான்; நான் அதிகம் பார்க்கும் தவறும் இதுவே. தண்டு விரிந்து வேராகப் பிரியும் இடம் மண்மட்டத்தில் வெளியே தெரிய வேண்டும். அதைப் புதைத்தால் வேருக்குக் காற்று போகாது, பட்டையும் அழுகும். மண்ணை விலக்குங்கள், மரமே ஆழத்தில் இறங்கியிருந்தால் தூக்கி நடுங்கள். அப்போதே நைலான் கயிறு, சாக்கு ஏதாவது வேரைச் சுற்றி இருக்கிறதா என்று பார்த்து அகற்றுங்கள். தொட்டியில் வளர்ந்த கன்றில் வட்டமாகச் சுற்றிக்கொண்ட வேர்களை வெட்டிவிடத் தயங்காதீர்கள். மூடாக்கு (மண்ணை மூடப் பரப்பும் இலைதழை, மரப்பட்டை) 5 முதல் 8 செ.மீ. போதும், தண்டைத் தொடக் கூடாது.

உள்பக்க ஊசிகள் மட்டும் மஞ்சளாகி உதிர்கின்றன.

நுனிகள் பச்சையாக இருந்தால் கவலை வேண்டாம். பழைய ஊசிகள் உதிர்வது இயல்பு. மங்கலான புள்ளிகள் தெரிந்தால் வெள்ளைத் தாளின் மேல் கிளையைத் தட்டுங்கள். நகரும் பொட்டுகள் விழுந்தால் சிலந்திப் பேன். நீரைப் பீய்ச்சியடித்துக் கழுவுங்கள்.

காய்ந்த கிளை துளிர்க்குமா?

துளிர்க்காது. பைன், சைப்ரஸ் போன்றவை இலையற்ற பழைய கட்டையிலிருந்து பொதுவாகத் தழைப்பதில்லை. யூ (yew) என்ற ஊசியிலை மரம் விதிவிலக்கு. பாதிக்கு மேல் பழுப்பாகியிருந்தால் மாற்றிவிடுங்கள். புதிய கன்றை இறக்குமுன் அந்தக் குழியில் நீரை நிரப்பி, ஒரு நாளுக்குள் வடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.