கோழி எலும்பில் சூப் வைத்தால் நீர்க்கவே வருகிறது. கெட்டியாக, ருசியாக வர என்ன செய்ய வேண்டும்?

எனக்கும் ரொம்ப நாள் இதே குறை இருந்தது. வெறும் நெஞ்சுக்கறி எலும்பைப் போட்டு, பானை நிறையத் தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரத்தில் இறக்கிவிடுவேன். பிறகு எப்படிக் கெட்டியாக வரும்?

சூப்புக்குக் கனம் தருவது கொலாஜன் என்ற புரதம். அது மூட்டு, தோல், குருத்தெலும்பில்தான் அதிகம். மெல்லிய சூட்டில் நெடுநேரம் வெந்தால்தான் அது ஜெலட்டினாக மாறித் தண்ணீரில் இறங்கும். அதனால் கழுத்து, முதுகு, இறக்கை நுனி, கால் இவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். ஃப்ரீசரில் ஒரு பை வைத்து, கறி வெட்டும்போதெல்லாம் அதில் சேர்த்து வாருங்கள். வெங்காய ஓரம், கேரட் முனை எல்லாமும் அதிலேயே போகலாம். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் மட்டும் வேண்டாம், வாடை தூக்கலாகிவிடும்.

ஒரு கிலோ சேர்ந்ததும் பச்சைத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வையுங்கள். எலும்பு மூழ்கி இரண்டு விரற்கடை மேலே நின்றால் போதும், ஏறக்குறைய 2 லிட்டர். சூடேறும்போது சாம்பல் நிறத்தில் நுரை திரளும், கரண்டியால் எடுத்துவிடுங்கள். அப்புறம் தீயைச் சிம்மில் வைத்து 3 மணி நேரம். தளதளவென்று கொதிக்கவே கூடாது. ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி வந்து உடைந்தால் அதுதான் சரியான சூடு. கொதிக்கவிட்டால் கொழுப்பு தண்ணீரோடு கலந்து சாறு கலங்கிப் போகும். நேரமில்லையா? குக்கரில் குறைந்த தீயில் 45 நிமிடம் வைத்து, ஆவி தானாக அடங்கும்வரை விடுங்கள். உப்பு மட்டும் கடைசியில்தான். சாறு சுண்டச் சுண்ட உப்பு ஏறிக்கொண்டே போகும்.

வடிகட்டியதும் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கி ஆறவைத்து, 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் திறந்தால் மேலே மஞ்சளாகக் கொழுப்பு உறைந்திருக்கும், அதை விலக்கினால் கீழே சாறு ஜெல்லி மாதிரி ஆடும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஃப்ரிட்ஜில் 3 நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால் ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்து, வேண்டியபோது நாலு கட்டி எடுத்துக்கொள்ளலாம்.

சூப்புக்குப் பெரிய வேலை கிடையாது. அந்தக் கொழுப்பிலேயே ஒரு வெங்காயத்தை வதக்கி, சாற்றை ஊற்றி, ஒரு கைப்பிடி அரிசியும் வீட்டில் மிஞ்சிய காயும் போடுங்கள். அரிசி குழைந்ததும் எலும்பிலிருந்து உதிர்த்த கறி, மிளகுத்தூள், உப்பு. கறி போதவில்லை என்றால் ஒரு முட்டையை அடித்து, சூப்பைக் கிளறிக்கொண்டே மெல்லிய இழையாக ஊற்றுங்கள்.