கிளாஸ் வருமானத்தில பங்கு கேட்டா எவ்வளவு குடுக்கிறது?

கேள்வி: அக்கா, வெள்ளவத்தையில மேல்மாடி ஒண்டை வாடகைக்கு எடுத்து சின்ன ஃபிட்னஸ் ஸ்டூடியோ நடத்துறன். விடிய யோகா, பின்னேரம் ஸும்பா. ரெண்டு பேருக்கும் ஒரு கிளாசுக்கு 3,000 ரூபா எண்டுதான் இவ்வளவு காலமும் குடுத்தனான். இப்ப ஸும்பா மாஸ்டர், என்ர கிளாஸ்தான் நிரம்புது, 16 பேர் வருகினம், வாற காசில பாதி வேணும் எண்டு நிக்கிறார். யோகாவுக்கு நாலு பேர்தான், டீச்சர் நல்லவ, அவவுக்கும் பாதி எண்டு வச்சா அவவின்ர கதி என்ன? எங்கட ரேட்: ஒருநாள் 1,500, எட்டு கிளாஸ் பக்கேஜ் 10,000, மாசம் முழுக்க எத்தினை தரமும் வரலாம் எண்டா 15,000.
(வாசகி, வெள்ளவத்தை)

பதில்: தங்கச்சி, பாதியோ கால்வாசியோ பிறகு பாப்பம், முதல்ல எதின்ர பாதி எண்டு அவரிட்ட கேட்டனீங்களோ? அவர் மனசுக்குள்ள போட்டிருக்கிற கணக்கு லேசு, 16 பேரை 1,500ஆல பெருக்கினா 24,000, பாதி 12,000. ஆனா ஒருநாள் காசு கட்டி வாற ஆக்கள் உங்களிட்ட எத்தினை பேர், கிட்டத்தட்ட எல்லாரும் பக்கேஜ்தானே. 15,000 கட்டின ஒருத்தி மாசம் 20 தரம் வந்தா ஒரு தரத்துக்கு 750 ரூபா, அதே காசைக் கட்டிட்டு அஞ்சு தரம் மட்டும் வாற ஆளுக்கு 3,000. எட்டு கிளாஸ் பக்கேஜ்காரருக்கு 1,250. இப்ப அந்த 16 பேரில 10 பேர் 750காரர், ஆறு பேர் 1,250காரர் எண்டு வையுங்கோ, உங்கட கைக்கு உண்மையா வந்தது 15,000. அதில பாதி 7,500. அவர் நினைச்ச 12,000 எங்க, இது எங்க? சண்டை வாறது இந்த இடத்திலதான். பங்கு எண்டு வாய்ச்சொல்லில ஒத்துக்கொண்டுட்டு மாசக் கடைசியில ரெண்டு பேரும் ரெண்டு கல்குலேட்டரோட இருப்பினம்.

அதால நான் உங்களுக்கு வெறும் பேர்சென்டேஜ் வேண்டாம் எண்டுதான் சொல்லுவன். கிளாஸ் நேரத்தை வைக்கிறது நீங்கள், விலை வைக்கிறது நீங்கள், ஓஃபர் போடுறதும் நீங்கள். நல்லூர் கொடி ஏறினா வெள்ளவத்தையில பாதிச் சனம் யாழ்ப்பாணம் போயிடும், ஏப்ரல் லீவும் அப்பிடித்தான், மழை பெஞ்சு காலி ரோட் இறுகினா பின்னேரக் கிளாசுக்கு ஆள் வராது. இதுக்கெல்லாம் டீச்சரின்ர சம்பளத்தை வெட்டுறது எந்த ஊர் நியாயம்?

3,000ஐ அப்பிடியே அடிச்சம்பளமா வையுங்கோ. ஆறு பேர் வரைக்கும் அதுதான், ரெண்டு பேர் வந்தாலும் அதுதான். ஏழாவது ஆளில இருந்து தலைக்கு 300. மாஸ்டருக்கு 16 பேர் வந்தா 6,000, அதாவது இப்ப எடுக்கிறதை விட ரெண்டு மடங்கு, உங்கட 15,000ல நாப்பது வீதம். யோகா டீச்சருக்கு 3,000 குறையாது. நாலு பேரில உங்களுக்கு மிஞ்சுறது கரண்ட் பில்லுக்கும் காணாதுதான், ஆனா அந்தக் கிளாசைத் தொடங்கினது நீங்கள், அதை வளக்கிற செலவு உங்கட தலையிலதான் விழவேணும். மூண்டு மாசம் பாத்தும் கூடேல்லை எண்டா நேரத்தை மாத்திப் பாருங்கோ, டீச்சரை மாத்திறதுக்கு முதல்.

ஃப்ரீ ட்ரயலுக்கு வாற ஆளையும் தலைக்கணக்கில சேருங்கோ, சொல்லிக் குடுக்கிற வேலை அவருக்கு ஒண்டுதானே. வரவுப் பதிவை ஒவ்வொரு ஞாயிறும் ஃபோட்டோ எடுத்து அவருக்கு வட்சப்பில போட்டு விடுங்கோ. கிளாசை நீங்கள் நிப்பாட்டினா, அதுவும் ரெண்டு மணித்தியாலத்துக்கு முதல் சொல்லாம நிப்பாட்டினா, பாதிக் காசாவது குடுக்கோணும் எண்டு எழுதி வையுங்கோ.

இன்னொண்டு, ஸும்பா எண்டது பதிவு செய்த பேர், அதின்ர லைசென்ஸ் மாஸ்டரிட்டத்தான் இருக்கும், ஸ்டூடியோவிட்ட இல்லை. அவர் போனா லைசென்ஸ் உள்ள வேற ஆள் வரும் வரைக்கும் போர்ட்டில அந்தப் பேரைப் போடேலாது. அந்த லைசென்சுக்கு அவர் தன்ர கைக்காசைக் கட்டுறவர் எண்டதையும் பேரம் பேசேக்க ஞாபகம் வச்சிருங்கோ.

கேள்வி: நான் கொட்டாஞ்சேனையில இருந்து போய் ஒரு ஸ்டூடியோவில ரெண்டு வருசமா படிப்பிக்கிறன். கிழமைக்கு ஆறு நாள், அவை சொல்லுற நேரம், அவையின்ர டீஷேர்ட். சம்பளம் முழுக்க கிளாஸ் வருமானத்தில பங்கு. ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) கேட்டா, நீங்கள் கொமிஷன், உங்களுக்கு இல்லை எண்டுகினம். சரியோ?
(வாசகி, கொழும்பு 13)

பதில்: சரியில்லை பிள்ளை. கொமிஷனா வாற காசும் ஈ.பி.எஃப் கணக்குக்கு உழைப்புத்தான். உங்கட பங்கு 8 வீதம், முதலாளி போடவேண்டியது 12, அதுக்கு மேல ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், அது முழுக்க அவையின்ர காசு, உங்களிட்ட வெட்டேலாது. நீங்கள் நாலு இடத்தில கிளாஸ் எடுத்து, வர ஏலாத நாளில உங்கட ஆளை அனுப்பி, நேரத்தையும் நீங்களே வைக்கிற ஆள் எண்டா கதை வேற, அது சொந்தத் தொழில். ஆனா நேரமும் உடுப்பும் அவை சொல்லுறபடி எண்டா பேப்பரில என்ன பேர் போட்டாலும் நீங்கள் ஊழியர் எண்டு காட்டத்தான் இடம் கூட.

முதல்ல ஸ்டூடியோக்காரரிட்ட கேளுங்கோ, பிடி குடுக்காட்டி நாரஹேன்பிட்டியில தொழில் திணைக்களம் இருக்கு, முறைப்பாடு குடுக்கலாம். போறதுக்கு முதல் கிளாஸ் டைம்டேபிள், காசு போட்ட பேங்க் ஸ்லிப், "நாளைக்கு ஆறு மணிக்கு வரோணும்" எண்டு அவை போட்ட வட்சப் மெசேஜ் எல்லாத்தையும் பிரிண்ட் எடுங்கோ, ஏனெண்டா நீங்கள் கேட்ட அடுத்த நாளே அந்தக் குரூப்பில இருந்து உங்களை எடுத்துவிடக்கூடும்.