வழக்கறிஞர் பதில்கள்: முன்சீப்புக்கு ஆட்சியர் மேலதிகாரியா?

கேள்வி: ஏற்காட்டில் எனக்கு இரண்டு ஏக்கர் காபித் தோட்டம். பக்கத்துத் தோட்டக்காரர் வழியை அடைத்ததால் வழக்குப் போட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வாய்தாவுக்கு மேல் வாய்தா. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுத்தால், 'நீதிமன்ற வழக்கில் தலையிட இயலாது' என்று பதில் வருகிறது. மாவட்டத்துக்கே தலைவரான அவர், வழக்கை விசாரிக்கும் முன்சீப் நீதிபதியிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன?
– ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வந்து தவறான கதவைத் தட்டியிருக்கிறீர்கள். கோபம் வேண்டாம், சேலத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் கறுப்பு கோட் போட்ட எனக்கு இது பழகிய கேள்வி.

ஆட்சியர் அலுவலகத்திலிருந்து அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்துக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் அரசியலமைப்பு அந்த இரண்டுக்கும் இடையில் வழியே போடவில்லை. முன்சீப்பின் இடமாற்றம், பதவி உயர்வு, விடுப்பு எல்லாம் 235-ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் கையில் இருக்கின்றன. சம்பளம் மாநில அரசின் பணம்தான். ஆனால் அதைக் காட்டி ஒரு வழக்கைப் பற்றி ஆட்சியர் வாய் திறக்க முடியாது.

வெள்ளைக்காரன் காலத்தில் கதை வேறு. வரி வசூலித்த கலெக்டரே மாஜிஸ்திரேட்டாகவும் உட்கார்ந்தார். அந்த வழக்கத்தை ஒழிக்கத்தான், நிர்வாகத்திலிருந்து நீதித்துறையைப் பிரிக்க வேண்டும் என்று 50-ஆவது பிரிவு சொல்கிறது. பின்னாளில் காங்கிரஸ் தலைவரான நம் ஊர் சி. விஜயராகவாச்சாரியார் 1882 சேலம் கலவர வழக்கில் தண்டிக்கப்பட்டபோது, அவரை விடுவித்தது சென்னை உயர் நீதிமன்றம். உள்ளூர் அதிகாரத்தின் கைக்கு எட்டாத ஒரு நீதிமன்றம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் அந்த வழக்கைத்தான் சொல்வேன்.

'மாவட்ட நீதிபதியை நியமிப்பது ஆளுநர்தானே, அப்படியானால் அரசின் கை இருக்கிறதே' என்று அடுத்துக் கேட்பீர்கள். 233-ஆவது பிரிவில் ஆளுநர் பெயர் இருப்பது உண்மை. கூடவே, உயர் நீதிமன்றத்தைக் கலந்து என்ற சொற்களும் இருக்கின்றன. அது வெறும் சம்பிரதாயம் அல்ல. உத்தரப் பிரதேசத்தில் நிர்வாகத் துறையின் கீழ் மாஜிஸ்திரேட் வேலை பார்த்தவர்களை மாவட்ட நீதிபதிகளாக்கப் பார்த்தார்கள். 1966-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. ஏற்கெனவே இப்படி நியமனம் பெற்றவர்களைக் காப்பாற்ற நாடாளுமன்றம் அதே ஆண்டில் அரசியலமைப்பையே திருத்த வேண்டியிருந்தது.

இனி உங்கள் தோட்ட வழி. வழக்கை விரைவாக விசாரிக்கக் கோரி முதலில் அந்த நீதிமன்றத்திலேயே மனு போடச் சொல்லுங்கள். பலன் இல்லையென்றால், 227-ஆவது பிரிவின் கீழ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். குறிப்பிட்ட காலத்துக்குள் முடிக்கும்படி அது உத்தரவிட முடியும். போகும்போது இதுவரை ஆன வாய்தாக்களின் தேதிப் பட்டியல் கையில் இருக்கட்டும். அதில் உங்கள் வக்கீல் கேட்டு வாங்கியவை எத்தனை என்று முதலில் எண்ணிப் பார்த்துவிடுங்கள். எதிர்த்தரப்பு நிச்சயம் எண்ணும்.