மொழியியல் மாணவிக்கு மருத்துவப் பயிலரங்கில் என்ன வேலை?

கேள்வி: எம்.ஏ. மொழியியல் படிக்கிறேன். மருத்துவக் குறிப்புகளைக் கணினி படித்துப் புரிந்துகொள்வது பற்றிப் புதுச்சேரியில் நடக்கும் பயிலரங்கில் இடம் கிடைத்திருக்கிறது. மருத்துவம் தெரியாது, பைத்தான் நிரல்மொழியும் அரைகுறை. போகலாமா?
- ஒரு வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: கட்டாயம் போங்கள். நான் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் டிஸ்சார்ஜ் சம்மரிகளைப் படித்து நோய்க் குறியீடு போட்டவள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இந்தத் துறைக்கு உங்களைப் போல மொழி படித்தவர்கள் மிகவும் தேவை.

கேஸ் ஷீட்டில் இப்படி இருக்கும்: நெஞ்சுவலி இல்லை, நிமோனியா இருக்கலாம், அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. சொற்களை மட்டும் பொறுக்கும் நிரல் மூன்றையும் அந்த நோயாளியின் தலையிலேயே கட்டிவிடும். 2001-இல் ஆய்வாளர் வெண்டி சாப்மன் குழுவினர் வெளியிட்ட நெக்எக்ஸ் என்ற நிரல்முறை, மறுப்புச் சொற்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, அவற்றுக்கு அக்கம்பக்கத்தில் வரும் நோய்ப்பெயர்களை 'இல்லை' என்று ஒதுக்கியது. அப்புறம் 2010-இல் அமெரிக்காவில் மருத்துவக் குறிப்புகளைக் கணினியைக் கொண்டு படிக்க வைக்கும் ஐ2பி2 என்ற போட்டியில், குறிப்பில் வரும் ஒவ்வொரு நோயையும் அறிகுறியையும் ஆறாகப் பிரிக்கச் சொன்னார்கள்: இருக்கிறது, இல்லை, இருக்கலாம், சில சூழலில் மட்டும் வரும், இனி வரக்கூடும், நோயாளிக்கல்ல வேறொருவருக்கு. எதிர்மறையும் வினைமுற்றும் படித்த உங்களுக்கு இது சொந்த வீடு மாதிரி.

2019-இல் வந்த பயோபெர்ட் என்ற கணினி மொழி மாதிரி பற்றி அங்கே நிச்சயம் பேசுவார்கள். அது பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுத் தளத்தின் கட்டுரைச் சுருக்கங்களிலும், பிஎம்சி என்ற இணையக் காப்பகத்தின் முழுக்கட்டுரைகளிலும் பயின்றது. திருத்தி அச்சேறிய ஆங்கிலம் அது. வார்டில் நள்ளிரவில் அவசரமாகக் கிறுக்கும் குறிப்பு அப்படியா இருக்கும்? திரையில் யாராவது தங்கள் நிரலுக்குப் பெரிய மதிப்பெண் காட்டினால், எந்த உரையில் சோதித்தீர்கள், சரியான விடையைக் கையால் குறித்துக் கொடுத்த இருவர் தங்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

நம் ஊரில் சிக்கல் இன்னும் பெரிது. பாட்டி 'நெஞ்சு கரிக்குது, கிறுகிறுன்னு வருது' என்று சொல்வார். தாளில் ஆங்கிலத்தில் இரண்டு சொல்தான் ஏறும். அவர் சொன்ன விதம் அத்தோடு போச்சு. எப்போதிலிருந்து, எதைச் சாப்பிட்டபின், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அந்தப் பேச்சில்தான் இருந்தது. எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் டாக்டர்கள் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பேசுங்கள்.

தேவையான மென்பொருளை வீட்டிலேயே இறக்கிக்கொண்டு போங்கள், அரங்கில் எல்லோரும் ஒரே வைஃபையைப் பிடித்து இழுப்பார்கள். கடலூர் வந்துவிட்டால் பஸ் பிரச்சினை இல்லை.

ஒன்று மட்டும் வேண்டாம். உதாரணம் காட்ட, சொந்தக்காரர்களின் ஆஸ்பத்திரிச் சீட்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். மிமிக் என்ற தொகுப்பில் பாஸ்டன் மருத்துவமனைப் பதிவுகள் பெயர் நீக்கப்பட்டே இருக்கின்றன. அப்படியிருந்தும் அதைத் தொடுவதற்கே பயிற்சி முடித்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். பயிற்சிக்குப் பத்துப் பதினைந்து வாக்கியங்களை நீங்களே கற்பனையாக எழுதிக்கொள்ளுங்கள், அது போதும்.