பதில்: ஷிப்ட் ஆபரேட்டர் வேலை பெண்களுக்கு இல்லையாமே?

வேதியியல் படித்து, வியாசர்பாடியிலிருந்து வந்து கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலைய ஆய்வகத்தில் வேலை பார்க்கும் உங்களிடம், "இரவு ஷிப்ட், பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் இல்லை" என்று சொல்லி ஆபரேட்டர் பதவியை மறுத்தார்களாம். நல்ல சாக்கு! தனிக் கழிப்பறையை 1948 தொழிற்சாலைச் சட்டமே கட்டாயமாக்கியது. பெண்களுக்கான இரவு வேலைத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-லேயே நீக்கிவிட்டது. உங்கள் சம்மதமும், பாதுகாப்பும், வண்டி வசதியும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாய்ப்பேச்சில் விடாதீர்கள், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பலருக்கு அங்கேயே குரல் இறங்கிவிடும்.

கூடவே பகல் ஷிப்டில் பம்பு, புளோயர் (தொட்டிக்குக் காற்று ஊதும் இயந்திரம்) சுற்றுக்கு உங்களையும் அனுப்பச் சொல்லுங்கள். அந்தத் தொட்டி நீரை ஊற்றிய ஒரு லிட்டர் அளவு உருளையில் 30 நிமிடத்தில் சேறு எவ்வளவு படிகிறது என்று தினமும் பார்ப்பவர் நீங்கள். அது 250 மில்லியிலிருந்து ஏறிக்கொண்டே போனால் சேற்றை எப்போது வெளியேற்றுவது என்பது வால்வு திருப்புபவரைவிட உங்களுக்குத்தான் முதலில் தெரியும். அந்தப் பரிந்துரையை ஷிப்ட் பதிவேட்டில் உங்கள் கையெழுத்தோடு எழுதிவையுங்கள். பதவி உயர்வு பேசும்போது அதுதான் சாட்சி.

அப்படியும் அசையவில்லையா? கொடுங்கையூரில் 2019 முதல் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவல் (RO) முறையில் சுத்திகரித்து மணலி ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது. ஆய்வக அனுபவத்தோடு இரண்டிலும் விசாரியுங்கள்.